சுவரளவு நகரம்: வாசகர் கேள்வி பதில்

நகரக் காட்சிகளைச் சுவர் அளவுக்கு அச்சிடும் கலைப் புகைப்படங்கள், அவற்றின் விலை, பராமரிப்பு பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: ரைன் நதிப் படம் ஒன்று 21 கோடி ரூபாய்க்குப் போனதாமே? படத்தைப் பார்த்தேன். புல், தண்ணீர், மறுபடி புல், மேலே வானம். எங்கள் தென்பெண்ணைக் கரையில் நின்று எடுத்தால் இதைவிட நன்றாக வரும். யார் தலையில் யார் மிளகாய் அரைத்தது?
– காவேரிப்பட்டினம் வாசகர்

பதில்: செய்தி உண்மைதான். ஜெர்மானியர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி 1999இல் செய்த 'ரைன் 2' படத்தின் ஒரு பிரதி, 2011 நவம்பர் 8 அன்று நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 43,38,500 டாலருக்கு விற்றது. அன்றைய மாற்று விலையில் ஏறக்குறைய 21 கோடி.

தென்பெண்ணைக் கரையில் நல்ல படம் வரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 21 கோடி ஆற்றுக்குக் கொடுத்த விலை இல்லை. 'ரைன் 2' மொத்தமே ஆறு பிரதி. அவற்றில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம், லண்டன் டேட், மியூனிக் அருங்காட்சியகம் ஆகியவற்றிடம் உள்ளவை இனிச் சந்தைக்கு வருவது அரிது. மிச்சம் இருக்கிறவற்றுக்குத்தான் போட்டி. நிலம் விற்கிற ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தரவே வேண்டாம்.

அடுத்தது, வந்த வழி. பெர்ண்ட் பெக்கர் 1976இல் டுசல்டார்ஃப் கலைக் கல்லூரியில் பேராசிரியரானார். அவரும் மனைவி ஹில்லாவும் தண்ணீர்த் தொட்டிகள், ஊது உலைகள், சுரங்கக் கோபுரங்கள் என்று பல பத்தாண்டுகள் ஒரே ஒழுங்கில் கருப்பு வெள்ளையில் எடுத்தவர்கள். குர்ஸ்கி, தாமஸ் ஸ்ட்ரூத், தாமஸ் ரூஃப், கேண்டிடா ஹோஃபர் எல்லாரும் அங்கே படித்தவர்கள். அருங்காட்சியகங்கள் இந்தக் கூட்டத்தையே ஒரு பள்ளியாகக் கருதி வாங்கின. அந்த வரலாறும் விலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அளவு பெரிது என்பதால்தான் விலை என்று நினைத்தால் இன்னொன்றையும் பாருங்கள். எட்வர்ட் ஸ்டைகன் 1904இல் எடுத்த 'ஃபிளாட்டயர்ன்' படம் நியூயார்க் நகரின் ஒரு முக்கோணக் கட்டடத்தை மாலை ஈரத்தில் காட்டுவது. ஏறக்குறைய 19க்கு 15 அங்குலம்தான், நம் வீட்டு நாள்காட்டி அளவு. 2022 நவம்பரில் அது 1.18 கோடி டாலருக்குப் போனது. ரைனைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்! பிரதிகள் மிகக் குறைவு, அச்சும் பிளாட்டினம் தாளின் மேல் கையால் நிறமேற்றியது.

கேள்வி: ரைன் படத்தில் எதிர்க்கரையில் இருந்த தொழிற்சாலையைக் கணினியில் அழித்துவிட்டாராமே. அது ஏமாற்று இல்லையா?
– பாலக்கோடு வாசகி

பதில்: செய்திப் படம் என்றால் ஏமாற்று. கலைப் படத்தில், அழித்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டால் ஏமாற்று இல்லை, குர்ஸ்கி ஒளிக்கவில்லை. பாரிஸ் மோன்பர்னாஸ் பகுதியில் சுமார் 750 வீடுகள் கொண்ட ஒரு நீண்ட குடியிருப்பை 1993இல் அவர் எடுத்தார். எதிரே ஒரே இடத்தில் நின்றால் கட்டடத்தின் இரு முனைகளும் ஒடுங்கிக் காணும். அதனால் இரண்டு இடங்களிலிருந்து எடுத்து ஒட்டினார். 4 மீட்டர் அகலத்தை ஒட்டிய அந்த அச்சில் ஒவ்வொரு ஜன்னலும் நேராக நிற்கிறது, திரைச்சீலை நிறம்வரை தெரிகிறது. மனிதக் கண் எந்த இடத்தில் நின்றும் அப்படிப் பார்க்க முடியாது. அதற்காகத்தான் அந்த வேலை.

கேள்வி: ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலையிலிருந்து ஊர் முழுவதும் தெரியும்படி 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரே படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதை 9 அடி அகலத்தில் வரவேற்பறையில் மாட்ட ஆசை. பிரிண்ட் கடைக்காரர் "ஃபிளெக்ஸில் அடித்துத் தருகிறேன், சூப்பரா வரும் சார்" என்கிறார். அடிக்கலாமா?
– ஓசூர் வாசகர்

பதில்: கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் பழக்கம் 40 அடி தூரத்திலிருந்து பார்க்கும் பேனர். உங்கள் சுவர் முன்னால் ஆள் 2 அடியில் வந்து நிற்பார், தன் தெருவைத் தேடுவார். சிக்கல் அங்கேதான்.

உங்கள் படம் 6000 பிக்சல் அகலம். 9 அடி என்பது 108 அங்குலம். வகுத்தால் அங்குலத்துக்கு 55 பிக்சல் வருகிறது. நல்ல பார்வை உள்ளவருக்கு எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு எளிய கணக்கு: 3438ஐப் பார்க்கும் தூரத்தால், அங்குலத்தில், வகுத்துக்கொள்ளுங்கள். 6 அடி தள்ளி நின்றால் 48 போதும். உங்கள் 55 தேறிவிடும். 2 அடிக்கு வந்தால் 143 வேண்டும். அப்போது மாடி வீடுகளின் ஜன்னல்கள் கரைந்து மாவாகிவிடும். குருவி தலையில் பனங்காய் வைத்த கதைதான். மென்பொருளில் 'பெரிதாக்கு' அழுத்தினால் இல்லாத விவரத்தை அதுவே கற்பனை செய்து போடும். கடைப் பலகையில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகள் முளைக்கும்.

ஆகவே மறுபடி மலை ஏறுங்கள். இந்த முறை ஒரே படமாக எடுக்காமல் 12 துண்டுகளாக எடுத்து ஒட்டுங்கள். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி வைத்தால் ஒரு துண்டு 4000க்கு 6000 பிக்சல். பக்கத்துத் துண்டோடு 30 விழுக்காடு மேற்படிய வேண்டும். ஒரு வரிசைக்கு ஆறு, அப்படி இரண்டு வரிசை. ஒட்டி முடித்தால் ஏறக்குறைய 18,000க்கு 10,200 பிக்சல் கிடைக்கும். 9 அடிக்கு 5 அடி அச்சுக்கு அங்குலத்துக்கு 150 வீதம் வேண்டியது 16,200க்கு 9,000. ஓரங்களைச் சீராக வெட்டவும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஏ.பி.எஸ்.சி. எனப்படும் சற்றுச் சிறிய சென்சார் உள்ள கேமரா என்றால் 85 எம்.எம். லென்ஸ் போட்டு, ஒவ்வொரு தடவையும் 7 டிகிரி திருப்புங்கள். முழுப் பார்வை 45, 46 டிகிரி வரும். கண்ணுக்கு இயல்பாக இருக்கும், வளைவு தெரியாது.

இதில் தவறு நடக்கும் இடங்கள் பல. எக்ஸ்போஷரைத் தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு வெளிச்சத்தில் வரும். வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். காட்சியில் மிகப் பிரகாசமான துண்டைப் பார்த்து அளவெடுத்து, மேனுவலில் பூட்டிவிடுங்கள். வெள்ளைச் சமநிலையைப் பகல் வெளிச்சத்தில் நிலையாக வையுங்கள். ஆட்டோஃபோகஸை ஒருமுறை பயன்படுத்திவிட்டு அணையுங்கள். எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 100, ரா வடிவம், 2 விநாடி டைமர். முக்காலியில் இருக்கும்போது அதிர்வு தடுப்பையும் அணைத்துவிடுவது நல்லது. போலரைசர் ஃபில்டரைக் கழற்றிப் பையில் போடுங்கள்: சூரியனிலிருந்து விலகும் கோணத்துக்கேற்ப வானத்தை அது ஒரு பக்கம் கருநீலமாக்கும், எந்த மென்பொருளாலும் அதைச் சரியாக ஒட்ட முடியாது.

முன்னால் மலையின் கைப்பிடிக் கம்பியோ மரக்கிளையோ இருந்தால் கேமராவைத் திருப்பும்போது அது பின்னணியோடு ஒட்டாமல் நகரும். லென்ஸின் நுழைவுத் துளை அச்சில் சுழலும் பனோரமா தலை இருந்தால் சரியாகும். இல்லையென்றால் கம்பியைத் தாண்டி, எல்லாமே 100 மீட்டருக்கு அப்பால் இருக்கிற இடமாகப் பார்த்து முக்காலியை ஊன்றுங்கள், செலவில்லாத தீர்வு. நெடுஞ்சாலையில் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும், பாதி லாரி ஒரு துண்டிலும் மீதி இன்னொன்றிலும் மாட்டும். ஒவ்வொரு துண்டையும் மூன்று முறை எடுத்து வைத்தால் முழு லாரி உள்ளதைத் தேர்ந்து வைத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிடலாம். மேகம் நகர்வதால் வான வரிசையை முதலில் எடுத்து முடியுங்கள்.

நேரம் முக்கியம். காலை 6.15 முதல் 7.30 வரை. 9 மணிக்கு மேல் தகரக் கூரைகளும் பாறையும் சூடேறிக் காற்று நெளியத் தொடங்கும். 85 எம்.எம்.மில் அது தூரத்துக் கட்டடங்களைத் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல் ஆக்கும்; எந்த லென்ஸ் போட்டாலும் கூர்மை வராது. மார்கழிப் பனியில் போகாதீர்கள். ஐப்பசியில் இரவு மழை பெய்து விட்ட காலை கிடைத்தால் அதுதான் படம்.

கோப்பு 16 பிட்டில் 1 ஜி.பி.யைத் தொடும். மென்பொருளில் நான்கு அடுக்கு (லேயர்) வைத்தால் ஃபோட்டோஷாப்பின் சாதாரண பி.எஸ்.டி. வடிவத்தின் 2 ஜி.பி. எல்லையைத் தாண்டிச் சேமிக்க மறுக்கும், பி.எஸ்.பி. வடிவத்தில் சேமியுங்கள்.

ஃபிளெக்ஸ் வேண்டாம். பி.வி.சி. துணி, சால்வென்ட் மை. அறைக்குள் வாசனை அடிக்கும், விளக்கு பட்டால் பளபளக்கும், மடித்த இடம் வெடிக்கும்.

கேள்வி: அப்படியானால் எந்தத் தாள், எதில் ஒட்டுவது? எங்கள் வீட்டில் மாட்டியிருந்த பெரிய படம் இரண்டு மழைக்காலத்தில் பூசணம் பூத்து அலைஅலையாகிவிட்டது.
– கிருஷ்ணகிரி வாசகி

பதில்: உங்கள் படத்துக்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை, ஒட்டியது மரப்பசை. இரண்டுமே ஈரத்தை உறிஞ்சும். அதுவும் மழை அடிக்கிற வெளிச்சுவரில் இடைவெளி இல்லாமல் அணைத்து மாட்டியிருப்பீர்கள்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, டுசல்டார்ஃப்காரர்கள் செய்தது: நிறப் புகைப்படத் தாளில் லேசர் ஒளியால் பதித்து, ரசாயனத்தில் கழுவி, முகப்பை அக்ரிலிக் கண்ணாடியோடு சிலிகானால் ஒட்டிவிடுவது. டயாசெக் என்று பெயர். நிறம் ஈரமாக, ஆழமாகத் தெரியும். ஆனால் ஒட்டியதைப் பிரிக்க முடியாது. அக்ரிலிக்கில் கீறல் விழுந்தால் படமே போனது. நிறப் புகைப்படத் தாளின் சாயம் வெளிச்சத்தில் மட்டுமல்லாமல் இருட்டிலும் மெல்ல மங்கும். 1990களின் பெரிய படங்களை வைத்திருக்கும் அருங்காட்சியகங்களுக்கு இது இன்றைக்குப் பெரிய தலைவலி. நம் ஊரில் இந்த வேலை தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டாம். தூசி ஒன்று உள்ளே சிக்கினால் அதுவும் நிரந்தரம்.

இரண்டாவது வழியே உங்களுக்கு. பருத்தித் தாள், 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அளவில், பிக்மென்ட் மை, அதாவது கரையாத நிறத்துகள் மை, இன்க்ஜெட். கடையில் கேட்கும்போது "பிக்மென்ட் மையா, டை மையா" என்று கேளுங்கள். தடுமாறினால் அடுத்த கடை. பெங்களூரில் இதற்கென்றே இருக்கிற லேப்கள் உண்டு. ஓசூரிலிருந்து காலையில் போய் மாதிரி அச்சைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பலாம். பெரும்பாலான லேப்களில் 44 அங்குல ரோல். சிலவற்றில் மட்டும் 64. பின்னால் ஒட்ட 3 எம்.எம். ஏ.சி.பி. ஷீட் (இரு பக்கமும் அலுமினியத் தகடு, நடுவே பிளாஸ்டிக்), அது 8க்கு 4 அடிதான் சாதாரணமாகக் கிடைக்கும். இந்த இரண்டு எண்ணையும் மனத்தில் வைத்துக்கொண்டு படத்தின் அளவை முடிவு செய்யுங்கள். மேலே ஓசூர் வாசகர் கேட்ட 9க்கு 5 அடியை ஒரே தாளாக அடிக்க நினைத்தால் ஆளும் இயந்திரமும் தேட வேண்டும். மூன்று பலகையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 36க்கு 60 அங்குலம். சாதாரண ரோலிலும் அடங்கும், சாதாரண ஷீட்டிலும் அடங்கும். நடுவே அரை அங்குல இடைவெளி. மூன்றையும் ஒரே ரோலில், ஒரே நாளில் அடிக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் வேறு ரோலில் அடித்தால் வானத்தின் நீலம் பலகைக்குப் பலகை மாறும். பலகையாகப் பிரிப்பதில் குறை ஒன்றும் இல்லை. குர்ஸ்கியின் '99 சென்ட் 2' என்ற கடைப் படமே இரண்டு பலகைதான்.

முழு அச்சுக்கு முன்னால், விவரம் நிறைந்த ஒரு பகுதியை 12 அங்குலத் துண்டாக, அசல் அளவிலேயே, அடித்து வாங்குங்கள். மாட்டப்போகும் சுவரில் குத்தி, அந்த அறை விளக்கில் இரவில் பாருங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு அச்சு இருட்டாக வந்ததுபோல் தோன்றும். அச்சு சரியாகத்தான் இருக்கும். கணினித் திரையின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்துத் திருத்தியிருப்பார்கள்.

மாட்டும்போது பலகைக்கும் சுவருக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளி வேண்டும். நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் போதும். வெளிச்சுவர் வேண்டாம், உள்சுவர். பூஜை அறைக்கு எதிர்ச்சுவரும் வேண்டாம்: சாம்பிராணிப் புகை பருத்தித் தாளில் இறங்கினால் எடுக்க வராது. முன்னால் அக்ரிலிக் போட்டிருந்தால் அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தால் துடைக்காதீர்கள், மயிரிழை வெடிப்பு வரும். மைக்ரோஃபைபர் துணி, வெறும் தண்ணீர்.

கேள்வி: ட்ரோன் வைத்து எடுத்தால் குர்ஸ்கி படம்போல் வருமா?
– தருமபுரி வாசகர்

பதில்: உயரம் வரும், விவரம் வராது. சாதாரண ட்ரோனின் சென்சார் சிறியது, லென்ஸ் அகன்ற பார்வை கொண்டது. கிருஷ்ணகிரிக் கோட்டை மலையும் ஓசூர் கோயில் மலையும் இருக்கும்போது முக்காலியே மேல். பறக்கவிட்டே ஆக வேண்டும் என்றால் 2021 ட்ரோன் விதிகளின்படி அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் உங்கள் இடம் பச்சை மண்டலமா என்று பாருங்கள். பச்சையில் 400 அடிவரை முன் அனுமதி வேண்டாம்.

கேள்வி: என் நகரப் படங்களை விற்க நினைக்கிறேன். எத்தனை பிரதி போடுவது, என்ன விலை வைப்பது? "லிமிடெட் எடிஷன் 500" என்று போட்டால் நிறைய விற்குமே?
– ஊத்தங்கரை வாசகர்

பதில்: எடிஷன் என்பது இத்தனை பிரதிக்கு மேல் அச்சிட மாட்டேன் என்ற வாக்கு. 500 பிரதி என்றால் அது எடிஷன் இல்லை, காலண்டர். இந்தத் துறையில் பெரிய அளவுப் படத்துக்கு 3 முதல் 10வரை போடுவதுதான் வழக்கம், கூடவே கலைஞர் தனக்கென வைத்துக்கொள்ளும் கலைஞர் பிரதி ஒன்றோ இரண்டோ. அந்தக் கலைஞர் பிரதிகளையும் சான்றிதழில் எழுத வேண்டும். பலர் சறுக்குவது இங்கே: 60 அங்குலத்தில் 5, 40 அங்குலத்தில் 10, 20 அங்குலத்தில் 25 என்று அளவுக்கு ஓர் எடிஷன் போட்டுவிட்டு, வாங்குபவரிடம் "ஐந்தே பிரதி" என்பார்கள். உண்மையில் சுற்றில் 40 இருக்கும். எல்லா அளவையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையை முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். விற்றுத் தீர்ந்த பிறகு "புதிய தாளில் புதிய எடிஷன்" என்று ஆரம்பித்தால் முதலில் வாங்கிய ஐந்து பேரும் உங்களை மறக்க மாட்டார்கள், நல்லபடியாக அல்ல.

ஐந்தையும் ஒரேயடியாக அச்சிட வேண்டியதில்லை. விற்க விற்க அச்சிடலாம். ஆனால் அதே தாள், அதே அளவு, அதே கோப்பு. கோப்பைப் பூட்டி, அச்சுக்கான ஐ.சி.சி. புரொஃபைல் (நிறத்தைச் சரியாகக் காட்டும் அமைப்புக் கோப்பு), தாளின் பெயர், அச்சிட்ட தேதி எல்லாம் ஒரு பேரேட்டில் எழுதி வையுங்கள். படத்தின் பின்பக்கம் ஒட்டும் சீட்டில் தலைப்பு, எடுத்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, 2/5 என்பதுபோல் எண், கையெழுத்து. எடுத்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் வெவ்வேறாக இருந்தால் இரண்டையும் போட வேண்டும், இதை மறைப்பது மோசடி. அக்ரிலிக் ஒட்டிய படத்தில் நேரடியாக எழுத முடியாது என்பதால் கையெழுத்துச் சீட்டு தனியாக இருக்கும். அது தொலைந்தால் படத்தின் விலையும் பாதி தொலைந்த மாதிரிதான்.

விலைக்கு ஒரு வழி. அச்சு, ஏ.சி.பி., ஃபிரேம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கேலரி வழியாக விற்றால் பெரும்பாலும் பாதிக்குப் பாதி. ஒரு லட்சம் என்று விலை போட்டால் 50,000 கேலரிக்கு, 25,000 செலவுக்கு, உங்கள் கைக்கு 25,000. ஆகச் செலவின் நான்கு மடங்குக்குக் கீழே இறங்க இறங்க உங்கள் பங்கு கரையும்; இரண்டு மடங்கில் சும்மா உழைக்கிறீர்கள். கேலரி இல்லாமல் நேரில் விற்றாலும் அதே விலை வையுங்கள். நேரில் 50,000, கேலரியில் ஒரு லட்சம் என்று தெரிந்தால் கேலரி மறுநாளே படத்தைத் திருப்பி அனுப்பிவிடும். முதல் இரண்டு பிரதி ஒரு விலை, மூன்றாவது கொஞ்சம் கூட, கடைசி அதற்கும் கூட என்று படியேற்றுவது வழக்கம். ஏற்றிய விலையை ஒருபோதும் இறக்காதீர்கள். அதனால் தொடக்க விலையில் ஆசைப்படாமல் இருப்பது நல்லது.

கேள்வி: ஓர் அடுக்குமாடி நிறுவனம் பணம் கொடுத்து அவர்கள் கட்டடத்தை எடுக்கச் சொன்னது. அதே படத்தை நான் கலைப் படமாக விற்கலாமா? கட்டடக் கலைஞர் வழக்குப் போடுவாரா?
– பர்கூர் வாசகர்

பதில்: கட்டடக் கலைஞரைப் பற்றிப் பயம் வேண்டாம். 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கட்டடத்தைப் புகைப்படம் எடுப்பதையும் வெளியிடுவதையும் மீறலாகக் கருதுவதில்லை. பயம் வேண்டியது பணம் கொடுத்தவரிடம். 17ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அவர்தான். மாறாக ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே நீங்கள். எனவே வேலை தொடங்குமுன் "கலைப் பிரதிகளாக அச்சிட்டு விற்கும் உரிமை புகைப்படக்காரருக்கே" என்று ஒரு வரி எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். எடுத்து முடித்த பிறகு கேட்டால் தரமாட்டார்கள்.

இன்னொரு செய்தி, கொஞ்சம் கசப்பானது. ஓவியம், சிற்பம் மறுவிற்பனை ஆகும்போது படைத்தவருக்குப் பங்கு தரச் சொல்லும் 53ஏ பிரிவில் புகைப்படம் இல்லை. நீங்கள் ஒரு லட்சத்துக்கு விற்ற படம் நாளை பத்து லட்சத்துக்குக் கைமாறினாலும் உங்களுக்குச் சல்லிக்காசு வராது.

கேள்வி: மூன்று லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. நிலம், தங்கம் எல்லாம் பார்த்தாயிற்று. நகரப் புகைப்படத்தில் போடலாமா? பத்து வருடத்தில் ஏறுமா?
– அரூர் வாசகர்

பதில்: ஏறும் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

மேலே சொன்ன '99 சென்ட் 2' படத்தின் மூன்று பிரதிகள் ஒன்பது மாதத்துக்குள் ஏலத்துக்கு வந்தன: 2006 மே மாதம் சுமார் 22.5 லட்சம் டாலர், நவம்பரில் சுமார் 24.8 லட்சம், 2007 பிப்ரவரியில் சுமார் 33.4 லட்சம். இதைப் பார்த்தால் யாருக்கும் கை அரிக்கும். ஆனால் ஏலத்தில் கேட்பாரில்லாமல் திரும்பிப்போகும் படங்கள் தலைப்புச் செய்தியாவதில்லை. ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் சேரும்; விற்பவரும் கமிஷன் தருவார். நடுவில் காப்பீடு, பேக்கிங். விலை நன்றாக ஏறினால்தான் போட்ட பணமே திரும்பும். தங்கத்தை நாளைக்கே விற்கலாம், படத்துக்கு ஆள் தேட வேண்டும். ஏலமில்லாமல் நடந்த தனிப்பட்ட விற்பனை விலைகளையும் நம்ப வேண்டாம். 2014இல் பீட்டர் லிக் என்பவரின் 'ஃபான்டம்' படம் 65 லட்சம் டாலருக்கு விற்றதாக அவர் தரப்பு அறிவித்தது. வாங்கியவர் பெயர் வெளிவரவில்லை. பொது ஏலத்தில் விழுந்த விலை ஒன்று, விற்றவரே சொன்ன விலை வேறொன்று.

சுவரில் இருந்தால் மகிழ்ச்சி தரும், விற்காவிட்டாலும் வருத்தமில்லை என்றால் வாங்குங்கள். வாங்கும்போது ஒரு டார்ச் எடுத்துச் செல்லுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, படத்தின் பக்கவாட்டில் டார்ச்சைப் படுக்கவைத்து அடித்தால் பள்ளம், மேடு, அலை, ஒட்டுப் பிரிவு எல்லாம் நிழலாக எழும். அக்ரிலிக் ஒட்டிய படத்தில் ஓரங்களில் வெள்ளி நிறத் திட்டு தெரிந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. அது பரவும், சரிசெய்ய வழியில்லை. வெள்ளைப் பகுதி, மேகம் போன்றவை, மஞ்சளித்திருக்கிறதா என்று ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுங்கள். பின்பக்கச் சீட்டு, எடிஷன் எண், எல்லா அளவும் சேர்ந்த மொத்தம், கலைஞர் பிரதி எத்தனை, முதல் விற்பனை ரசீது. "சேதமானால் மாற்று அச்சு தருவீர்களா, பழையதை யார் அழிப்பது?" என்றும் எழுத்தில் கேளுங்கள். பழையதை அழித்ததற்குச் சான்று இல்லாத மாற்று அச்சு, ஒரே எண்ணில் இரண்டு பிரதி என்ற வில்லங்கத்தைக் கொண்டுவரும்.

வரி உண்டு. வீட்டுப் பொருள்தானே என்று விட முடியாது: கலைப் பொருளை வருமான வரிச் சட்டம் மூலதனச் சொத்தாகவே எண்ணுகிறது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், 2024 ஜூலை 23 முதல் வந்த விதிப்படி லாபத்தில் 12.5 விழுக்காடு. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: போட்டியில் பரிசு வாங்கினால் படத்தின் விலை கூடுமா?
– மத்தூர் வாசகர்

பதில்: கூடாது. அருங்காட்சியகம் ஒன்று வாங்கினால் கூடும்.

கேள்வி: அசல் பெரிய அச்சுகளை நேரில் பார்க்காமலேயே பேசிக்கொண்டிருக்கிறோம். பக்கத்தில் எங்கே பார்க்கலாம்?
– சூளகிரி வாசகி

பதில்: சரியான கேள்வி. கைப்பேசியில் பார்த்தால் ஹாங்காங் அடுக்குமாடிகளை மைக்கேல் வுல்ஃப் எடுத்த படங்கள் வெறும் பாய்ப் பின்னலாகத் தெரியும். வானமும் தரையும் விடாமல் வெட்டிவிடுவார். பெரிதாக அச்சிட்ட பிறகுதான் கொடியில் காயும் சட்டை ஒவ்வொன்றும் கண்ணில் படும்.

உங்களுக்குப் பெங்களூர்தான் பக்கம். கஸ்தூர்பா சாலையில் 2023இல் திறந்த கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம், அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடம். 2016இல் தொடங்கிய சென்னைப் புகைப்பட பினாலே என்ற புகைப்படத் திருவிழா நடக்கும் காலத்தில் சென்னைக்கும் போகலாம். போகுமுன் என்ன கண்காட்சி ஓடுகிறது என்று இணையத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். ஒரு சிறு டேப் கையில் இருக்கட்டும். படத்தைத் தொடாமல், எத்தனை அடியில் நிற்கும்போது முழுப் படமும் பிடிபடுகிறது, எத்தனை அடியில் புள்ளி தெரிகிறது என்று தரையில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு அறை 10 அடிதான் என்றால் 9 அடிப் படம் வேண்டுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: மூன்று பலகைப் படத்தை ஹாலோ பிளாக் சுவரில் மாட்ட ஆணி போதுமா?
– கெலமங்கலம் வாசகர்

பதில்: போதாது. 36க்கு 60 அங்குலப் பலகை ஒன்றில் 3 எம்.எம். அக்ரிலிக் மட்டும் 5 கிலோ, ஏ.சி.பி. சுமார் 6 கிலோ, ஃபிரேமும் சேர்த்தால் 13, 14 கிலோ. அக்ரிலிக்குக்குப் பதில் அதே தடிமனில் கண்ணாடி போட்டால் இன்னும் ஐந்து கிலோவுக்கு மேல் கூடும், அதனால்தான் அக்ரிலிக். ஹாலோ பிளாக்கின் ஓடு மெல்லியது. ஆணி முதலில் பிடிக்கும், ஆறு மாதத்தில் ஓட்டை பெரிதாகும். உள்ளே விரியும் ஹாலோ வால் ஆங்கர் போட்டு, அலுமினிய சாய்வுப் பட்டை ஒன்றைச் சுவரிலும் ஒன்றைப் பலகையிலும் பொருத்திக் கொக்கி மாதிரி மாட்டுங்கள். மட்டமும் சரியாக நிற்கும், மூன்றுக்கும் இடைவெளியும் நகர்த்திச் சரிசெய்யலாம். படத்தின் நடு தரையிலிருந்து 5 அடியில் வரட்டும். துளை போடுமுன் அந்தச் சுவருக்குள் ஒயரோ குழாயோ போகிறதா என்று பாருங்கள். அச்சுக்கு ஆர்டர் கொடுக்குமுன்னே, ஒரு 36க்கு 60 அட்டையை வெட்டி, மாடிப்படித் திருப்பத்தில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.